வரவேற்புரை: செல்வி றஹ்மா, தரம் மூன்று

புல்மோட்டை
28.05.2025

அன்புள்ள சனூஸா ரீச்சருக்கு,

தரம் மூன்றில் இருந்த ஒரு பெடியன் முன்பு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சேர், நேற்று நடந்ததை எழுதச் சொல்லுறீங்கள். நேற்று ஒண்டுமே நடக்காட்டி என்னத்தை எழுதுறது?" வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. "நடக்காததையே எழுதிக்கொண்டு வா" என்றேன். அடுத்த நாள் மூன்று வரி எழுதிவந்தான்: 'நேற்று வாப்பா கடலுக்குப் போகவில்லை. அதனால் வீட்டில் மீன் இல்லை. அதனால் பூனை என்னோடு கோபம்.' அதை நம்முடைய பாடசாலை மாதமடலில் போட்டோம். உங்களுக்கும் நினைவிருக்கும்.

இன்று தபால்காரர் மே மாத மடலைத் தந்தபோது அந்தப் பெடியன்தான் மனதில் வந்தான். சிறுவர் சந்தை 'இருபத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை வெகு சிறப்பாக நடைபெற்றது' என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் தோட்டத்தில் வளர்த்த கீரை முழுவதும் விற்றுத் தீர்ந்தது என்றும் இருக்கிறது. மகள் மாட்டியிருக்கிற கலண்டரை இரண்டு தரம் பார்த்தேன். இன்று புதன்கிழமை. வியாழக்கிழமை நாளைக்குத்தான் வருகிறது. நடக்காததை எழுது என்று நான் சொன்னது இப்படி எழுதுவதற்கு அல்ல, ரீச்சர்.

சும்மா பகிடிக்குச் சொன்னேன். நான் ஓய்வுபெற்று வந்த பிறகு நீங்கள் அதிபர் கதிரையிலும் இருந்துகொண்டு, மூன்றாம் வகுப்பையும் பார்த்துக்கொண்டு, மடலையும் விடாமல் நடத்துகிறீர்கள். அதுவே பெரிய காரியம்.

ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். 'வரவேற்புரையைச் செல்வி றஹ்மா அழகுற நிகழ்த்தினார்.' றஹ்மா! முதலாம் வகுப்பில் ஒரு வருடம் முழுவதும் என் முன்வாங்கில் இருந்த பிள்ளை. தண்ணீர் வேண்டுமென்றால் போத்தலைத் தூக்கிக் காட்டும். 'ஓம்' என்றால் இரண்டு புருவமும் மேலே போகும், 'இல்லை' என்றால் ஒரு புருவம் மட்டும். வீட்டில் நன்றாகக் கதைக்கிறாள் என்று தாய் சொல்வார். பாடசாலைப் படலை தாண்டினால் ஒரு சொல் வராது. அந்தப் பிள்ளை நாளைக்கு மேடையில் நின்று கதைக்கப் போகிறது என்றால் நான் அந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டுவேன்.

நடந்ததை எழுதுங்கள். போனில் கதைக்க எனக்கு ஏலாது, தெரியும்தானே. காதுக் கருவி போனுக்குக் கிட்டப் போனால் விசில் அடிக்கிறது. மகளின் போனில் செய்தி அனுப்பினாலோ, எனக்கு முன் பேரப்பிள்ளைகள் வாசித்துவிடுகிறார்கள்.

அன்புடன்,
பாக்கியரத்தினம்

*

திருகோணமலை
05.06.2025

அன்புள்ள சேருக்கு,

பிடித்துவிட்டீர்கள். இத்தனை பேருக்கு மடல் போகிறது, ஒருவரும் கலண்டரைப் பார்க்கவில்லை. காது போனாலும் கண் போகவில்லை உங்களுக்கு.

கள்ளத்தைச் சொல்கிறேன். பஹ்மியின் கடையில்தான் மடலைத் தட்டெழுதி, பிரதி எடுக்கிறோம். பாடசாலைக்கு என்றால் ஒரு சதமும் வாங்கமாட்டார். ஆனால் மாதக் கடைசியில் அவருடைய கடைக்குள் கால் வைக்க இடமிராது. "டீச்சர், இருவத்தஞ்சாந் திகதிக்கு முந்திக் கொண்டாங்க, இல்லாட்டி அடுத்த மாசந்தான்" என்பார். அதனால் மாதக் கடைசியில் நடக்க இருப்பதை எல்லாம் நடந்தது என்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். 'சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதிவிட்டு, பிறகு அதைச் சிறப்பாக நடத்துவேன். இதுவரைக்கும் தவறியதில்லை.

இந்தமுறை தவறியது. முதலில் மான். சந்தைக்கு முதல்நாள் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் கூட்டம் வேலியின் ஓட்டையால் புகுந்து, கீரைப் பாத்தியை மொட்டையாக்கிவிட்டுப் போய்விட்டது. காலையில் பிள்ளைகள் கூடையோடு வந்து நின்று அழுதார்கள். கீரை 'விற்றுத் தீர்ந்த' கதை இதுதான். மற்றப்படி சந்தை அமோகம். முருங்கைக்காய், முட்டை, கருவாடு, தேசிக்காய். கல்வி வலயத்திலிருந்து வந்த அதிகாரியே ஒரு பை நிறைய வாங்கினார்.

அடுத்தது றஹ்மா. சேர், சட்டம் வாங்கிவிடாதீர்கள். வரவேற்புரை சொன்னது கௌசிகா. றஹ்மா அதிகாரிக்குப் பூச்செண்டு கொடுத்தாள். வருடத்துக்கு ஒருதரமாவது ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் மடலில் வரவேண்டும் என்று நீங்களும் நானும் வைத்த வழக்கம் இருக்கிறதே, றஹ்மாவின் பெயர் இன்னும் வரவில்லை என்றுதான் பூச்செண்டு கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். தட்டெழுதும்போது இரண்டு பெயரும் இடம் மாறிவிட்டன. நானும் சரி பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மடலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். அன்றைக்கே கௌசிகா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், நான் பூ குடுத்ததாப் போட்டிருக்கு."

"ஓம், மாறிப்போச்சு மகள்."

"நான் ஒரு கிழமையாப் பாடமாக்கினனான் டீச்சர். பூவெண்டா பாடமாக்கத் தேவையில்லையே."

திருத்துவோம் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை றஹ்மாவின் தாய் சுஹைரா வந்தார். கையில் ஒரு தட்டுத் தொதல். கண் எல்லாம் ஈரம். "டீச்சர், என்ட புள்ளயப் பேச வெச்சிட்டீங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் விசயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு துண்டுத் தொதலை என் வாய்க்குள் வைத்துவிட்டார். பல்லோடு ஒட்டுகிற அந்த இனிப்பு வாயில் இருக்கும்போது ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல ஏலாது, தெரியும்தானே. விழுங்கி முடிக்கிறதுக்குள் தட்டோடு பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டார்.

நாளை மறுநாள் ஹஜ் பெருநாள். அது முடியட்டும். ஜூன் மடலில் திருத்தம் போடுவேன்.

இப்படிக்கு,
சனூஸா

*

புல்மோட்டை
12.06.2025

அன்புள்ள சனூஸா ரீச்சருக்கு,

மான் கதையை வாசித்துவிட்டு இருந்த இடத்தில் சிரித்தேன். என்ன என்று மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கோட்டை மானுக்குத் தெரியுமா அப்பா, வியாழக்கிழமை சந்தை எண்டு?" என்று கேட்கிறாள்.

றஹ்மா விசயத்தில் ஏமாற்றம்தான், ஆனால் பூச்செண்டு கொடுத்தாளே. முன்பென்றால் அந்நிய ஆள் ஒருவர் வகுப்புக்கு வந்தால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். அதுவும் ஒரு செய்திதான்.

திருத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். கரும்பலகையில் கணக்கைப் பிழையாகப் போட்டுவிடுகிறோம். கையில் சோக்கு இருக்கும்போதே அழித்துவிட்டுத் திருத்தினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். அடுத்த நாள் ஒவ்வொரு கொப்பியாகப் போய்த் திருத்தவேண்டும். சில பிள்ளைகள் "நேற்றுச் சரி எண்டு போட்டீங்களே" என்று சண்டைக்கும் வரும்.

உங்களுக்கு நேரமிராது என்று நானே எழுதிப் பார்த்தேன். பிடித்தால் போடுங்கள்:

'சென்ற மடலில் இரண்டு பிழைகள். சந்தையில் கீரை விற்கவில்லை; அதை மான்கள் தின்றுவிட்டன. வரவேற்புரை சொன்னவர் கௌசிகா. பூச்செண்டு கொடுத்தவர் றஹ்மா. இருவரும் தங்கள் வேலையை நன்றாகச் செய்தார்கள்.'

இதில் ஒருவருக்கும் குறை இல்லை, மான்களுக்கும் குறை இல்லை.

பெருநாள் நன்றாகப் போயிருக்கும். தொதலில் ஒரு துண்டு உறையில் வைத்து அனுப்பக்கூடாதா?

அன்புடன்,
பாக்கியரத்தினம்

*

திருகோணமலை
30.06.2025

அன்புள்ள சேருக்கு,

ஜூன் மடல் இத்துடன் வருகிறது. பல் வைத்தியர் வந்த செய்தியை வாசியுங்கள். இரண்டாம் வகுப்பு முழுவதும் மலசலகூடத்துக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது. ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு வந்தோம். ஒரு பிள்ளை வாயைத் திறக்காமலேயே "எனக்குப் பல்லே இல்ல" என்றது.

திருத்தத்தைப் பார்ப்பீர்கள். கீரைக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன். உங்களுக்குக் கோபம் வரும். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன கிழமை சுஹைரா மறுபடியும் வந்தார். சொல்லிவிடவேண்டும் என்றுதான் உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். இருந்தவுடனே அவர் ஆரம்பித்தார். மடலைப் படம் எடுத்துக் கட்டாரிலிருக்கிற கணவருக்கு அனுப்பியிருக்கிறார். அவர் அங்கே சாரதி வேலை. அறையிலிருக்கிற எல்லாருக்கும் காட்டினாராம். மாமியார் வீட்டில் இவ்வளவு காலமும் "அது ஊமைப் புள்ள, பள்ளிக்கூடம் அனுப்பி என்ன செய்ய" என்று சொன்னவர்கள் இப்போது வாய் மூடி இருக்கிறார்களாம்.

பிறகு சொன்னார்: "புள்ளட தன்னடக்கத்தப் பாருங்க டீச்சர். நான் சொல்லல்ல உம்மா, கௌசிகாதான் சொன்ன எண்டே நிக்கிறா. வாப்பா போனில கேட்டாலும் அதையேதான் சொல்றா. வெக்கம் டீச்சர். பேப்பரில வந்த பிறகும் வெக்கம்!"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு ஏலாமல் போயிற்று.

வேறு வழி ஒன்று யோசித்திருக்கிறேன். ஓகஸ்ட் ஏழாந் திகதி பாடசாலைத் தவணை முடிகிறது. அன்றைக்குச் சின்ன நிகழ்ச்சி வைத்து, றஹ்மாவையே வரவேற்புரை சொல்லவைக்கப் போகிறேன். நாலு வரிதான். இன்றிலிருந்து இடைவேளையில் தனியாக வைத்துப் பழக்குகிறேன். பூச்செண்டு கொடுத்த பிள்ளை இதையும் செய்வாள். அவள் சொல்லிவிட்டால் மடலில் வந்தது உண்மையாகிவிடும். ஒருவருக்கும் மனம் நோகாது. நான் எப்போதும் எழுதிவிட்டுத்தானே நடத்துகிறேன். இதுவும் அப்படி.

இப்படிக்கு,
சனூஸா

*

புல்மோட்டை
05.07.2025

அன்புள்ள சனூஸா ரீச்சருக்கு,

முழுவதையும் வாசித்துவிட்டேன். ஒரு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

சுஹைராவின் சந்தோசத்தைக் கெடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அது எனக்கு விளங்குகிறது. நீங்கள் எழுதியிருக்கிற ஒரு விசயத்தை மட்டும் எடுத்து உங்கள் முன்னால் வைக்கிறேன். றஹ்மா உண்மையைச் சொல்லியிருக்கிறாள். ஒருதரமல்ல, தாயிடமும் சொன்னாள், தகப்பனிடமும் சொன்னாள். இருவரும் பிள்ளையை நம்பவில்லை, நம்முடைய கடதாசியை நம்புகிறார்கள்.

ஒரு பிள்ளை "மழை பெய்யுது" என்கிறது. வானொலியில் மழை இல்லை என்றார்களே என்று சொல்லி ஒருவரும் யன்னலைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பிறகு எதற்காகக் கதைக்கவேண்டும்? பாடசாலையில் வாய் திறக்காத பிள்ளை கதைக்கிற ஒரே இடம் வீடு. அந்த இடத்திலும் அவளுடைய சொல்லுக்கு மதிப்பில்லை என்று நாம் செய்துவிட்டோம்.

ஓகஸ்ட்டில் அவள் வரவேற்புரை சொன்னாலும், மே மாதத்தில் சொன்னதாகாது. நாலு வரி பழக்குவதை நிறுத்துங்கள். முதலில் தாயிடம் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கௌசிகாவும் காத்துக்கொண்டிருக்கிறாள். அவளை நாம் இருவருமே மறந்துவிட்டோம்.

பாக்கியரத்தினம்

*

திருகோணமலை
10.07.2025

சேருக்கு,

விட்டுக்கொடுக்கமாட்டீர்கள். சரி. விட்டுக்கொடுக்காமல் இருக்க அங்கே உங்களுக்குக் கடல் காற்று இருக்கிறது, மகள் கொண்டுவந்து தருகிற தேத்தண்ணீர் இருக்கிறது. இங்கே மூன்றாம் வகுப்பு இருக்கிறது, வலயத்துக்கு அனுப்பவேண்டிய படிவங்கள் இருக்கின்றன, ஐந்தாம் வகுப்புக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, ஓட்டை வேலி இருக்கிறது, அதனூடாக வரும் மான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தாயை வாழ்க்கையில் ஒருதரம் சிரிக்கவைத்துவிட்டேன், பிழையாகத்தான். அதையும் பறித்துவா என்கிறீர்கள்.

நான் அந்தப் பிள்ளையோடு ஒவ்வொரு நாளும் இருக்கிறேன். நீங்கள் மடலில் வாசிக்கிறீர்கள்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதவேண்டாம்.

சனூஸா

*

புல்மோட்டை
16.07.2025

அன்புள்ள சனூஸா ரீச்சருக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்துகிறேன். சுஹைராவின் முகத்தைப் பார்க்கவேண்டியது நீங்கள், நானல்ல. இங்கே இருந்துகொண்டு சொல்வது இலகு. அந்த இடத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

வேலிக்குப் பழைய மீன்வலை நல்லது. மேலே கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் மான் வராது. இங்கே மரக்கறித் தோட்டங்களுக்கு அப்படித்தான் கட்டுகிறார்கள். ஒரு கட்டு வலை வாங்கி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அனுப்பவா?

பாக்கியரத்தினம்

*

திருகோணமலை
24.07.2025

அன்புள்ள பாக்கியரத்தினம் சேருக்கு,

வலையை அனுப்புங்கள். இனி இது பெரிய கடிதம், தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் கோபக் கடிதம் உங்களுக்கு வந்த நேரத்தில் றஹ்மா பாடசாலைக்கு வரவில்லை. நான் பழக்கத் தொடங்கி ஒரு கிழமையில் நின்றுவிட்டாள். வயிற்றுவலி என்று தாய் செய்தி அனுப்பினார். பிறகு தலைவலி. பிறகு செய்தியும் இல்லை. அவளுடைய இடம் வெறுமையாக இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, வந்திருந்தாலும் சத்தமில்லாத பிள்ளைதானே. எனக்குத்தான் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. உங்களுடைய கோபக் கடிதத்தை எடுத்து இன்னொருதரம் வாசித்தேன். யன்னலைத் திறந்து பார்க்காத கதை. அது சரியாகக் குத்திற்று.

சனிக்கிழமை பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மீன் சந்தைக்குப் பின்னால், இறங்குதுறைப் பக்கம் போகிற ஒழுங்கையில் இருக்கிறது. படலையைத் தள்ளப்போனவள் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது:

"டேய்! கோழியத் தண்ணிக்குள்ள போடாதடா! அதுக்கு நீந்த ஏலாது! உன்னப் போட்டா நீ நீந்துவியா?"

யார் என்று நினைக்கிறீர்கள்? மூன்று வருடத்தில் முதல்தரம் அந்தக் குரலைக் கேட்கிறேன், சேர். நல்ல உரத்த குரல். கொஞ்சம் கரகரப்பு. மீன் சந்தையில் ஏலம் கூறலாம். நான் படலையைத் திறந்ததும் கோழியையும் தம்பியையும் விட்டுவிட்டு, தாயின் பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு புருவம் மட்டும் தெரிந்தது.

சுஹைரா கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. இருந்தால் மறுபடியும் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். வரவேற்புரை சொன்னது கௌசிகா, பிழை என்னுடையது, உங்கள் மகள் சொன்னதுதான் உண்மை என்று.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவ சொன்னது?" என்றார்.

"உண்மை."

"நான் இவவ அடிக்கல்ல டீச்சர். ஆனா பொய் சொல்லாத எண்டு ஏசிட்டன். வாப்பாட்ட போனில மாப்புக் கேக்கவும் வெச்சன்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபப்பட்டார். அது நல்லதாகப் போயிற்று.

"நீங்க படிச்ச ஆக்கள் டீச்சர். அச்சடிச்சு வந்தா பொய் வராதெண்டு நினைச்சன். என்ட புள்ளய விட அந்தக் கடதாசிய நம்பினன். ஒரு தட்டுத் தொதல் கிண்டி, கை பொங்கிப்போய்க் கொண்டுவந்தன். அத ஒரு சொல்லுச் சொல்லாமத் திண்டீங்களே!"

"ஓம்" என்றேன்.

பிறகு அவர் திரும்பி, மகளுடைய உயரத்துக்குக் குந்தினார். "மகள், உம்மாதான் பிழை. நீ சொன்னது சரி" என்றார். றஹ்மா தாயின் காதுக்குள் என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். சுஹைரா என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா எண்டு கேக்கிறா" என்றார்.

"திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில சொல்லுவன்" என்றேன். தாயைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு புருவமும் மேலே போயின.

கட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அவருக்கு நான் சொல்றன். மாப்பையும் அவரையே கேக்கச் சொல்றன்" என்றார் சுஹைரா. வெளிக்கிடும்போது தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். கோபத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை றஹ்மா வந்தாள். காலைக் கூட்டத்தில் தேவாரமும் குர்ஆன் கிறாஅத்தும் முடிந்து, அன்றைய செய்தி முடிந்து, நான் முன்னால் போனேன். நீங்கள் எழுதித் தந்த திருத்தத்தைத்தான் வாசித்தேன், மான்களையும் விடாமல். வரவேற்புரை சொன்னவர் கௌசிகா என்றதும் அவள் வரிசையில் நின்றபடியே ஓர் அடி உயர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கை தட்டி ஓய்ந்த பிறகு மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சனிக்கிழமை கேட்ட அதே கரகரப்புக் குரல்.

"டீச்சர், அவ ஒரு சொல்ல விட்டுட்டா."

கௌசிகாதான் திரும்பினாள்.

"நான் ஒண்டும் விடேல்ல!"

"விட்ட. பெற்றோர்களே எண்டு சொல்லிட்டு நலன்விரும்பிகளே சொல்லல்ல."

"அது பெரிய சொல்லு. எனக்கு வாய்க்குள்ள வரேல்ல."

"அப்ப விட்டதுதானே."

"நீ பூவைத் தலைகீழாப் பிடிச்சனீ! அதை நான் டீச்சரிட்டச் சொன்னனானோ?"

"அது அவருக்குக் குடுக்க முந்தி நேராக்கிட்டன்!"

பிறகு கௌசிகாவுக்குத்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பொத்திய கைக்குள்ளால் கத்தினாள்: "டீச்சர்! இவ கதைக்கிறா!"

அவ்வளவுதான். றஹ்மா முன்னால் நின்ற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். நான் "சரி, எல்லாரும் வகுப்புக்குப் போங்கோ" என்று மட்டும் சொன்னேன். பிறகு கந்தோருக்குள் போய், அலுமாரிக் கதவைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கோப்பு ஒன்று தேடுகிறேன் என்று மற்ற ஆசிரியர்கள் நினைத்திருப்பார்கள்.

வரவேற்புரையை நாங்கள் கௌசிகாவுக்குப் பழக்கிய நாளெல்லாம் இவள் பின்னாலிருந்து முழுவதையும் பாடமாக்கியிருக்கிறாள், சேர்!

இப்போது என் பிரச்சினை வேறு. திங்கட்கிழமைக்குப் பிறகு இன்றுவரை ஒரு சொல்லும் இல்லை. புருவம் மட்டும்தான். ஆசிரியர்கள் ஆளுக்கொரு டொபி வாங்கி வைத்துக்கொண்டு, "மகள், ஒருக்காச் சொல்லுங்கோ" என்று பின்னால் திரிகிறார்கள். நான் இரண்டு பேரை ஏசி அனுப்பினேன். எனக்கும் ஆசைதான். யூலை மடலில் முதல் செய்தியாகப் போட்டால் என்ன என்று கை அரிக்கிறது. இந்தமுறை நடந்த பிறகுதானே எழுதுகிறேன்! பஹ்மியிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் மடல் ஒரு கிழமை பிந்தித்தான் வரும் என்று. "பிந்தினா மெய் வருமா டீச்சர்?" என்று கேட்டார். "பெயராவது சரியா வரும்" என்றேன்.

என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். எழுதவேண்டாம் என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டாம்.

அன்புடன்,
சனூஸா

*

புல்மோட்டை
29.07.2025

அன்புள்ள சனூஸா ரீச்சருக்கு,

தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. மகள் இன்னொன்று போட்டுத் தந்தாள். கௌசிகாவும் றஹ்மாவும் சண்டை பிடிக்கிற இடத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். பேரப்பிள்ளைகள் இரண்டும் இப்போது வீட்டுக்குள் 'அப்ப விட்டதுதானே' என்று சொல்லிச் சொல்லித் திரிகிறார்கள்.

திருத்தத்தை வாசிக்க நான் எழுதித் தரலாம். அந்த வீட்டில் நின்றுகொண்டு அந்தத் தாயிடம் சொன்னது நீங்கள். அது எனக்கு ஏலுமாக இருந்திருக்குமோ தெரியாது.

சுஹைரா கோபப்பட்டது நல்லதாகப் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தன் பிள்ளைக்காக ஓர் அதிபரை ஏசக்கூடிய தாய் இருக்கிற வீட்டில் பிள்ளை கெட்டுப்போகாது. தொதலுக்கு மட்டும் நீங்கள் பதில் செய்யவேண்டும். ஒரு தட்டு நீங்கள் கிண்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மடலில் போடவேண்டாம். காரணத்தை இங்கே நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். சின்னப் பேரன் சைக்கிள் பழகினான். ஒருநாள் அவனை அறியாமலே, ஒருவரும் பிடிக்காமல், மதகு வரைக்கும் ஓடிப்போனான். அதைக் கண்ட என் மகள் "அப்பா, ஓடுறான், ஓடுறான்!" என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்த்தான். விழுந்தான். முழங்கால் காயம் காய்ந்து, மறுபடியும் சைக்கிளைத் தொட ஒரு மாதம் போயிற்று. அந்த மாதம் நாங்கள் எல்லாரும் சைக்கிளைக் காணாத மாதிரித் திரிந்தோம். பிறகு ஒருநாள் கடைக்குப் போய் வெங்காயம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினான். மகள் வெங்காயத்தை வாங்கி உரித்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

றஹ்மா அன்றைக்குக் கதைக்கவேண்டும் என்று நினைத்துக் கதைக்கவில்லை. ஒரு சொல் விடுபட்டதை அவளால் பொறுக்க ஏலவில்லை. நீங்கள் எல்லாருக்கும் முன்னால் உங்கள் பிழையைத் திருத்தினீர்கள், தனக்குத் தெரிந்த இன்னொரு பிழையையும் அவள் சொன்னாள். அவளுக்கு அது அவ்வளவுதான். நாம் அதைத் தூக்கி அவள் தலையில் வைத்தால், பாரம் என்று இறக்கிவிட்டுப் போய்விடுவாள்.

ஆகவே டொபிகளை ஆசிரியர்களே தின்றுவிடட்டும். ஓகஸ்ட் ஏழாந் திகதி கௌசிகா வரவேற்புரை சொல்லட்டும். பெரிய சொல் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். றஹ்மாவுக்கு ஒரு வேலையும் கொடுக்கவேண்டாம். அவள் சும்மா இருந்து பார்க்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் வகுப்பு இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிடும்போது இதைச் செய்து பாருங்கள். றஹ்மாவின் பெயரையும் மற்றப் பெயர்களைப் போலவே, அதே குரலில் கூப்பிடுங்கள். தலையை நிமிர்த்திப் பார்க்காமல் ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வரவைப் பதிந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
பாக்கியரத்தினம்